டீ சிந்தாத படகில் பாயைச் சுருக்குவது எப்போது? வாடகை கேட்டமரானுக்கான அறிகுறி வழிகாட்டி

ஒற்றை உடல் பாய்மரப் படகில் காற்று கூடினால் படகே சொல்லிவிடும். ஒரு பக்கம் சாயும், சமையலறையில் பாத்திரம் உருளும், உட்கார்ந்திருப்பவர் எதையாவது பிடித்துக்கொள்வார். யாரும் கேட்காமலே "பாயைக் கொஞ்சம் குறைக்கலாமே" என்று நாலு பேர் சொல்வார்கள். சாயும்போது பாயின் மேல்பகுதியிலிருந்து காற்று வழிந்து போய்விடுவதால், படகின் மேல் விழும் பளுவும் ஓரளவு தானாகவே குறையும்.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரானில் இந்த எச்சரிக்கை கிடையாது. 42 அடி நீளமுள்ள ஒரு வாடகைக் கேட்டமரானின் அகலம் ஏறத்தாழ 7.7 மீட்டர். அவ்வளவு அகலமான படகு பலத்த காற்றிலும் சில டிகிரிக்கு மேல் சாயாது. மேசையில் வைத்த டீ சிந்தாது. சாய்ந்து தப்பிக்க முடியாத அந்தப் பளு முழுவதும் பாய்மரத்துக்கும், அதைத் தாங்கும் கம்பிகளுக்கும், பாய்த் துணிக்கும், கயிறுகளுக்கும் போகிறது. உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. எங்காவது ஒன்று அறுந்த பிறகுதான் தெரியும்.

இதை நான் எழுதுவது கரீபியன் கடலிலுள்ள பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளை மனத்தில் வைத்து. மாலுமி இல்லாமல் படகை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு ஒரு வாரம் தீவு தீவாகப் போகிறவர்கள் அதிகம் உள்ள கடல் அது. நானும் அப்படிப் பல முறை போனவன். நம் மீனவர்களின் கட்டுமரம் என்ற சொல்தான் ஐரோப்பிய மாலுமிகள் வாயில் கேட்டமரான் ஆனது. ஆனால் மரங்களைச் சேர்த்துக் கட்டிய அந்தத் தெப்பத்துக்கும் இந்த இரட்டை உடல் படகுக்கும் அமைப்பில் உறவு குறைவு. கட்டுமரத்தில் போகிறவர் தண்ணீரோடு ஒட்டி நிற்கிறார். காற்று ஒரு இழை கூடினாலும் உடம்பு உணரும். இங்கே நாம் தண்ணீருக்கு இரண்டு மீட்டர் மேலே, கூரைக்குக் கீழே, மெத்தையில் உட்கார்ந்திருக்கிறோம். உடம்பு உணராததைக் கண்ணும் எண்ணும்தான் ஈடுகட்ட வேண்டும்.

அந்தக் கடலில் ஆண்டு முழுக்கக் கிழக்கு அல்லது வடகிழக்கிலிருந்து வணிகக்காற்று வீசும். நம் பக்கத்துச் சொல்லில் கொண்டல். சாதாரண நாட்களில் 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்). டிசம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி வரை, அங்கே கிறிஸ்மஸ் காற்று என்று அழைக்கிறார்களே, அப்போது 25, 30 நாட் நாள்கணக்கில் நிற்காமல் வீசும். விடுமுறைக்காரர்கள் மிக அதிகமாக வருவதும் அந்த நாட்களில்தான்.

முதலில் எண்கள்

காற்றின் வேகம் இரட்டித்தால் பளு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 15 நாட் காற்று ஒரு சதுர மீட்டர் பாயில் ஏறத்தாழ 3.7 கிலோ அழுத்தம் தரும். 20 நாட்டில் அது 6.6 கிலோ. 30 நாட்டில் 15 கிலோ. 42 அடிப் படகின் இரண்டு பாய்களும் சேர்ந்து ஏறத்தாழ 90 சதுர மீட்டர் வரும். பெருக்கிப் பாருங்கள். 15 நாட்டில் முன்னூறு சொச்சம் கிலோ, 30 நாட்டில் 1,300 கிலோவுக்கு மேல். நடைமுறையில் பாயின் வடிவம், கோணம் எல்லாம் சேர்ந்து கணக்கை மாற்றும் என்றாலும் விகிதம் இதுதான்.

அதனால்தான் ஒவ்வொரு கேட்டமரானுக்கும் தயாரிப்பாளர் ஒரு ரீஃப் அட்டவணை தருகிறார். ரீஃப் என்றால் பெரிய பாயின் அடிப்பகுதியை ஒரு மடிப்பு இறக்கிக் கட்டிப் பரப்பைக் குறைப்பது. 40 முதல் 45 அடி வரையிலான வாடகைப் படகுகளுக்குப் பொதுவாக 18 முதல் 20 நாட்டில் முதல் ரீஃப், 23 முதல் 25 நாட்டில் இரண்டாவது, 30 நாட்டை நெருங்கினால் மூன்றாவது அல்லது பெரிய பாயை முழுதாக இறக்கிவிடுவது. உங்கள் படகின் அட்டவணை வேறு சொன்னால் அதுவே கணக்கு. படகை ஒப்படைக்கும்போது நடக்கும் விளக்கத்தில் அதைக் கேட்டு வாங்கி, சுக்கான் சக்கரத்துக்கு அருகில் ஒட்டிவையுங்கள். இந்தப் பாயில் எத்தனை ரீஃப், அத்தனைக்கும் கயிறு கோத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். மூன்று ரீஃபுக்குத் தைத்த பாயில் இரண்டுக்கு மட்டும் கயிறு கோத்திருந்த படகு எனக்கு ஒருமுறை கிடைத்தது.

இன்னொரு விஷயம். ஒற்றை உடல் படகில் சராசரிக் காற்றுக்கு ரீஃப் போடலாம், திடீர் வீச்சு வரும்போது படகு சாய்ந்து சமாளிக்கும். கேட்டமரானில் வீச்சுக்குத்தான் ரீஃப் போட வேண்டும். சராசரி 20, இடையிடையே 28 என்று காற்றுமானி காட்டினால் உங்கள் காற்று 28. அந்த எட்டு நாட் வித்தியாசத்தில் பளு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அறிகுறி: எல்லாம் சுகமாக இருக்கிறது, காற்றுமானி மட்டும் 20-ஐத் தொட்டுத் தொட்டுப் போகிறது

அதிகம் ஏமாற்றுவது இதுதான். முக்கியத் தீவான டார்டோலாவுக்கும் அதன் தெற்கே வரிசையாக நிற்கும் நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர், ஜிஞ்சர் தீவுகளுக்கும் நடுவில் இருப்பது சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய். தெற்கிலிருக்கும் தீவுகள் பெருங்கடல் அலையைத் தடுத்துவிடுகின்றன. காற்றைத் தடுப்பதில்லை. ஆகவே 22 நாட் காற்றிலும் தண்ணீர் பெரிதாக எழும்பாது. அலை சின்னது, படகு நேராக நிற்கிறது, வெயில் அடிக்கிறது. என் அக்கா மகன் ஒருமுறை கையில் கோப்பையோடு வந்து, "மாமா, டீ கூட சிந்தலையே, எதுக்கு இப்பப் பாயை இறக்கணும்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. டீ சிந்தும் அளவுக்கு ஆனபின் இறக்குவது கடினம் என்பதே பதில்.

செய்ய வேண்டியது: வசதியை அளவுகோலாக வைக்காதீர்கள். எண் வந்துவிட்டதா, ரீஃப். காற்றுமானி வேலை செய்யவில்லை என்றால் கடலைப் பாருங்கள். அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டினால் 11 முதல் 16 நாட். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தலைகள் என்றால் 17 முதல் 21, முதல் ரீஃபுக்கான நேரம். அலை முகடு பெரிதாக உடைந்து சாரல் பறந்தால் 22-ஐத் தாண்டிவிட்டது. ஒரு எச்சரிக்கை: கால்வாய்க்குள் அலை வளர இடம் போதாது, எனவே கண்ணுக்குப் படுவதைவிடக் காற்று ஒரு படி கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பே முன்னறிவிப்பு 20-க்கு மேல் சொன்னால், மிதவையில் கட்டியிருக்கும்போதே ரீஃபோடு பாயை ஏற்றுங்கள். கடலில் போய் ரீஃபை அவிழ்ப்பது ஐந்து நிமிட வேலை. கடலில் போய் ரீஃப் போடுவது, பழகாத குழுவுக்குப் பதினைந்து நிமிடம்.

அறிகுறி: பின்காற்றில் போகிறோம், காற்றே இல்லாத மாதிரி இருக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்த உடைப்புகளில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பித்தன.

வாரத்தின் தொடக்கத்தில் பலரும் காற்றை எதிர்த்து, கிழக்கே இருக்கும் வெர்ஜின் கோர்டா தீவுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது கொண்டல் முதுகுக்குப் பின்னால். பாய் முழுசாக ஏறியிருக்கும், படகு எட்டு நாட்டில் ஓடும், உண்மைக் காற்று 22. ஆனால் காற்றோடு சேர்ந்து நாமும் ஓடுவதால் படகு உணரும் காற்று 14 மட்டுமே. காற்றுமானி பெரும்பாலும் இந்த 14-ஐத்தான் காட்டும்படி வைக்கப்பட்டிருக்கும். எல்லாரும் சட்டையைக் கழற்றிப்போட்டு வெயில் காய்வார்கள்.

இப்போது நார்மன் தீவின் பைட் வளைகுடாவுக்குப் போக வேண்டும். அந்த வளைகுடாவின் வாய் மேற்கைப் பார்த்தது. அதாவது முனையைச் சுற்றி, கிழக்கு நோக்கி, காற்றின் முகத்துக்கே திரும்பி உள்ளே நுழைய வேண்டும். திரும்பிய கணத்தில் 22 நாட் காற்றோடு படகின் வேகமும் சேர்ந்து 26 நாட் ஆகிவிடும். 14-லிருந்து 26. பளு மூன்றரை மடங்கு. அரை நிமிடத்தில். காற்று துளியும் கூடவில்லை, நாம்தான் திரும்பினோம்.

ஒரு ஜனவரியில் எனக்கு இப்படித்தான் நடந்தது. இந்தியன்ஸ் என்று சொல்லும் பாறைகளைத் தாண்டித் திருப்பினேன். பாய் வெடிப்பது மாதிரி ஓர் அதிர்ச்சி, மெயின்ஷீட் (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு) ஓடும் கப்பி வழியாகப் படகு முழுக்கப் பாய்ந்தது. பாயில் குறுக்காகச் செருகிய பேட்டன் சட்டம் ஒன்று முறிந்து துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மெயின்ஷீட்டுக்குப் பக்கத்தில் அரை நிமிடம் முன்பு வரை ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. இப்போதும் அந்த முனையைச் சுற்றும்போது எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வரும்.

செய்ய வேண்டியது: காற்றுமானியில் இரண்டு எண்களையும் அருகருகே காட்டச் சொல்லுங்கள். டி.டபிள்யூ.எஸ். என்பது உண்மைக் காற்று, ஏ.டபிள்யூ.எஸ். என்பது படகு உணரும் காற்று. பின்காற்றில் போகும்போது ரீஃப் முடிவை உண்மைக் காற்றை வைத்தே எடுங்கள். கேள்வி ஒன்றே: இந்த நொடியில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால், இதே பாயோடு திரும்பி எதிர்காற்றில் போய் அவரை எடுக்க முடியுமா? முடியாது என்றால் இப்போதே பாய் அதிகம்.

அதைவிட எளிய வழியும் உண்டு. பின்காற்றில் 20-க்கு மேல் இருந்தால் நான் பெரிய பாயை ஏற்றுவதே இல்லை. முன்பாய் மட்டும். அது படகை அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, இழுப்பதால் சுக்கான் இலேசாக இருக்கும், வேகம் ஒன்றிரண்டு நாட் குறையும், வேண்டாம் என்றால் ஒரு கயிற்றை இழுத்துச் சுருட்டிவிடலாம். குடும்பத்தோடு போகும் படகில் அந்த ஒன்றிரண்டு நாட்டுக்காக எதையும் பணயம் வைக்கத் தேவையில்லை. உங்கள் படகின் கையேடு இதற்கு வரம்பு ஏதும் சொல்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சக்கரம் கனக்கிறது, ஆட்டோபைலட் அலாரம் அடிக்கிறது

பெரிய பாய் பலம் கூடியதும் படகின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பப் பார்க்கும். அதை நேராக்கச் சுக்கானை எதிர்ப்பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டோபைலட் ஓட்டும்போது இந்தப் போராட்டம் நம் கைக்குத் தெரியாது. மோட்டார் முனகுவதும், திரையில் சுக்கான் கோணம் பத்து டிகிரியைத் தாண்டி அங்கேயே நிற்பதும்தான் தடயம். கடைசியில் "திசை விலகல்" என்று அலாரம்.

பலரும் ஆட்டோபைலட் கெட்டுவிட்டது என்று வாடகை அலுவலகத்துக்குப் போன் போடுகிறார்கள். முதலில் பாயைக் குறைத்துப் பாருங்கள். பெரிய பாயின் ஷீட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் சக்கரம் இலேசானால் நோய் பாயில்தான். முதல் ரீஃப் போட்டபின் பெரும்பாலும் வேகம் குறையவே குறையாது. அதுவரை பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருந்த படகு இப்போது நேராகப் போகும். ஜி.பி.எஸ். தடத்தைப் பார்த்தால் தெரியும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டோபைலட்டை விடுவித்துக் கையால் பிடித்துப் பாருங்கள். இந்தப் படகு உங்களோடு பேசும் வெகுசில வழிகளில் அதுவும் ஒன்று.

அறிகுறி: வேகம் ஒன்பது, பத்து என்று ஏறுகிறது, அணியம் அலைக்குள் புதைகிறது

எட்டுப் பேர், முழுத் தண்ணீர்த் தொட்டி, டீசல், ஒரு வாரச் சாப்பாடு. இவ்வளவையும் சுமந்த படகு பத்து நாட் ஓடினால் கொண்டாட்டமாக இருக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் பாரம் ஏறிய படகு இன்னும் ஆபத்து. இலேசான படகு வீச்சு வந்ததும் சட்டென்று வேகம் எடுத்து அந்தப் பளுவை ஓட்டமாக மாற்றிவிடும். கனத்த படகால் முடியாது. நின்று வாங்கிக்கொள்ளும். அது கம்பிகளில் ஏறும்.

காற்று மறைவுப் பக்கத்து அணியம் அலையை வெட்டாமல் உள்ளே போகிறது, மேல்தளத்தில் தண்ணீர் ஓடுகிறது, இரண்டு உடல்களுக்கும் நடுவிலிருக்கும் தளத்தின் அடியில் அலை குண்டு போட்ட மாதிரி அறைகிறது. இவை வந்துவிட்டால் ரீஃப் போட வேண்டிய நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது. முதலில் ஷீட்டைத் தளர்த்தி வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் ரீஃப்.

வாடகைக் கேட்டமரான் கவிழ்வது அரிது. அவ்வளவு கனம். ஆனால் கவிழ்ந்தால் தானாக நிமிராது. தலைகீழாக அப்படியே மிதக்கும். காற்றுப் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும்புகிறது என்று யாராவது சொன்னால், ஷீட்டை அந்த நொடியே முழுதாக அவிழ்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அறிகுறி: வீச்சு வந்துவிட்டது, எந்தப் பக்கம் திருப்புவது?

எதிர்காற்றில் போகிறீர்கள் என்றால் காற்றை நோக்கித் திருப்புங்கள். பாய் படபடத்துப் பளு இறங்கும். பின்காற்றில் என்றால் நேர்மாறு. காற்றோடு இன்னும் ஒத்துப்போகும்படி திருப்புங்கள். பின்காற்றில் ஓடும்போது பதறிப்போய்க் காற்றை நோக்கித் திருப்பினால், மேலே சொன்ன மூன்றரை மடங்கு உடனே வந்து நிற்கும்.

காற்று நேர்ப் பக்கவாட்டிலிருந்து வரும்போதுதான் சிக்கல், எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பிக்கும் வழி தூரம். அங்கே சக்கரத்தை நம்பாதீர்கள், பெரிய பாயின் ஷீட்டைத் தளர்த்துவதே முதல் வேலை. பக்கக்காற்றில் போகும்போதெல்லாம் ஷீட்டைச் சுற்றி யாரும் பையோ துண்டோ வைக்காமல், ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டார்டோலாவின் சேஜ் மலை 523 மீட்டர் உயரம். அதன் மறைவில் போகும்போது காற்று சுத்தமாக நின்று, அடுத்த இடைவெளியில் மொத்தமாக வந்து இறங்கும். பீட்டர் தீவுக்கும் நார்மன் தீவுக்கும் இடையிலும் அப்படித்தான். அமைதி வந்தால் நிம்மதி அடையாமல் அடுத்த இடைவெளி எங்கே என்று வரைபடத்தைப் பாருங்கள்.

அறிகுறி: காற்று மறைவுப் பக்கக் கம்பி தொளதொளவென்று ஆடுகிறது

காற்றுப் பக்கத்துக் கம்பி இறுகும்போது மறுபக்கத்துக் கம்பி கொஞ்சம் தளர்வது இந்தப் படகுகளில் இயல்புதான். ஆனால் அது ஊஞ்சல் மாதிரி ஆடினால் எதிர்க்கம்பி தாங்க வேண்டியதைவிட அதிகம் தாங்குகிறது என்று பொருள். ஒரு ரீஃப் போடுங்கள். அதன் பிறகும் 15 நாட்டிலேயே ஆடினால் கம்பியின் இறுக்கத்திலேயே குறை இருக்கிறது, அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். நீங்களே முறுக்க வேண்டாம்.

அறிகுறி: கிழக்கே ஒரு கருமேகம், அடியில் தண்ணீர் வெள்ளையாகத் தெரிகிறது

ஸ்குவால் என்று அங்கே சொல்வார்கள். மழையோடு சேர்ந்து வரும் குறுகிய, பலத்த காற்று. மேகத்தின் அடிவிளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராகவும், கீழே கடல் நுரைத்து வெள்ளைக் கோடாகவும் இருந்தால் அதில் நிச்சயம் காற்று உண்டு. முகத்தில் திடீரென்று குளிர்ந்த காற்று பட்டால் அது வாசலில் நிற்கிறது.

மூன்று கடல்மைல் தொலைவில் இருக்கும் மேகம் 18 நாட்டில் வந்தால் பத்தே நிமிடம். உங்கள் குழுவுக்கு ரீஃப் போடப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றால் மேகம் மூன்று மைலுக்கு வருமுன்பே தொடங்கியிருக்க வேண்டும். முன்பாயைச் சுருட்டுங்கள், பெரிய பாயை முடிந்தவரை குறையுங்கள் அல்லது இறக்குங்கள், இரண்டு என்ஜினையும் இயக்கி வையுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள். மேகம் வெறும் மழையோடு போய்விட்டாலும் பரவாயில்லை, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அனெகடாவுக்குப் போகும் நாளில் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். வெர்ஜின் கோர்டாவின் வடமுனையிலிருந்து பன்னிரண்டு மைலுக்கு மேல் திறந்த கடல், மறைவு கிடையாது, தீவும் பனைமர உயரம்கூட இல்லாத பவளத் திட்டு. எதிரே பவளப்பாறை இருக்கும்போது மழை கண்ணை மறைத்தால் பாயும் சமாளிக்க வேண்டும், பாறையும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பெரிய பாய் இறங்க மறுக்கிறது

தாமதித்தவர்களுக்கு வரும் சிக்கல். பாயேற்றும் கயிற்றை விட்டாயிற்று, பாய் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

காரணம் பெரும்பாலும் காற்றின் கோணம். இந்தப் படகுகளில் பாய்மரத்துக்குப் பின்கம்பி கிடையாது. பக்கக் கம்பிகள் பின்னோக்கிச் சரிந்து கட்டப்பட்டிருக்கும். பின்காற்றில் பெரிய பாய் அந்தக் கம்பிகளின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். பாயைப் பிடித்துக்கொண்டு பாய்மரத்தில் ஏறி இறங்கும் சின்ன வண்டிகளும் பக்கவாட்டு அழுத்தத்தில் இறுகிவிடும். எவ்வளவு இழுத்தாலும் வராது, துணிதான் கிழியும்.

இரண்டு என்ஜினையும் இயக்குங்கள். முன்பாயைச் சுருட்டுங்கள். பெரிய பாயின் ஷீட்டை இறுக்கிக்கொண்டே மெதுவாகக் காற்றை நோக்கித் திருப்புங்கள், பூம் (பெரிய பாயின் அடியில் கிடக்கும் சட்டம்) ஒரேயடியாக வீசி அடிக்கக் கூடாது. காற்று அணியத்திலிருந்து இருபது, முப்பது டிகிரிக்குள் வந்ததும் என்ஜினால் அங்கேயே பிடித்துக்கொண்டு ஷீட்டைத் தளர்த்துங்கள். பாய் படபடக்கும். சத்தம் பயமாக இருக்கும், பரவாயில்லை.

இப்போது பாயேற்றும் கயிற்றை ரீஃப் குறி வரை இறக்குங்கள். அந்தக் குறி முதல் நாளே துறையில் வைத்துப் பேனாவால் போட்டதாக இருக்க வேண்டும். அப்புறம் முன்மூலையின் ரீஃப் கயிறு, அதன் பின் பின்மூலையின் கயிறு, மறுபடி பாயேற்றும் கயிற்றை நன்றாக இறுக்குவது, கடைசியில் ஷீட். பாயைப் பூமோடு சேர்த்துக் கட்டும் சின்னக் கயிறுகள் மடிப்பு தொங்காமலிருக்க மட்டுமே. அவற்றில் பளு ஏறினால் அந்த ஓட்டை வழியாகப் பாய் கிழியும்.

கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார விஞ்ச் பற்றி ஒரு வார்த்தை, இதை நான் ஒவ்வொரு பயணத்திலும் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்கிறேன். அதற்குக் கை கிடையாது, சிக்கியதை உணராது. கயிறு எங்கோ மாட்டியிருந்தாலும் பொத்தானை அழுத்தும் வரை இழுக்கும். பாயைக் கிழிக்கும், கப்பியைப் பிடுங்கும், விரலையும் விடாது. பொத்தானில் விரல் இருக்கும்போது கண் மேலே பாயில் இருக்கட்டும். சத்தம் மாறினால் உடனே விரலை எடுங்கள். கடைசி ஒரு முழத்தைக் கைப்பிடி போட்டுக் கையால் சுற்றுவதே நல்லது.

அறிகுறி: முன்பாய் சுருள மாட்டேன் என்கிறது

பாதிச் சுற்றில் நின்றால் வலுக்கட்டாயமாக விஞ்சில் போட்டு இழுக்காதீர்கள். கீழே உருளையில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கியிருக்கலாம், அல்லது மேலே பாயேற்றும் கயிறு கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஒருவர் உயிர்க்காப்பு உடையோடு முன்னே போய்ப் பார்க்கட்டும். சிக்கல் எதுவும் இல்லை, வெறும் பளுதான் என்றால் படகைப் பின்காற்றுக்குத் திருப்புங்கள். பெரிய பாயின் நிழலில் முன்பாய் காற்றிழந்து இலேசாகச் சுருளும். ஷீட்டை ஒரேயடியாக விடாமல் கையில் கொஞ்சம் இறுக்கம் வைத்தே விட வேண்டும். விட்டால் அது சாட்டையாக அடித்துக் கயிறுகளைப் பின்னிவிடும்.

பாதி சுருட்டிய முன்பாயோடு போவதானால் ஷீட் போகும் கப்பியைக் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள். இல்லையென்றால் மேல்பகுதி படபடத்துக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: ரீஃப் போட்டபின் படகு மந்தமாகிவிட்டது, எதிர்காற்றில் திரும்ப மறுக்கிறது

இரண்டு ரீஃப் போட்ட கேட்டமரான் அலைக்கு எதிராகத் திரும்பும்போது நடுவிலேயே நின்றுவிடும். பாய் கூடுதலாக வேண்டும் என்று அவசரப்பட்டு ரீஃபை அவிழ்க்காதீர்கள். திரும்புவதற்கு முன் ஷீட்டைச் சற்று விட்டு வேகம் சேருங்கள். முன்பாயை உடனே மாற்றாமல், அணியம் காற்றைத் தாண்டும்வரை பழைய பக்கத்திலேயே பிடித்துவைத்தால் காற்று அதைத் தள்ளித் திருப்பிவிடும். அதுவும் போதாவிட்டால் திரும்பும் வட்டத்தின் வெளிப்பக்கத்து என்ஜினை மெதுவாக இயக்குங்கள். விடுமுறைப் படகில் என்ஜின் போடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

காற்று குறைந்துவிட்டது போல் தெரிந்தாலும் இருபது நிமிடம் பொறுங்கள். தீவின் மறைவுக்குள் வந்ததாலோ, ஸ்குவால் போனபின் கொஞ்ச நேரம் காற்று இளைத்ததாலோகூட எண் இறங்கியிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் ரீஃப் கயிறு பூமில் நுழையும் இடத்தைப் பாருங்கள், உரசல் அங்கேதான் தொடங்கும். நூல் பிரிந்திருந்தால் இரவு மிதவையில் கட்டியபின் கயிற்றை ஓரடி இழுத்து, தேய்ந்த இடம் கப்பியிலிருந்து விலகும்படி கட்டிவையுங்கள். மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் மாற்றுக் கயிறு கேளுங்கள்.